மஜ்ஜை என்னும் மண்: ரத்தப் புற்றுநோய் ஒளிந்துகொள்ளும் இடத்தைத் தேடிய கதை

ஓசூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு திசைதான். ஒரு பக்கம் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். நாற்பது கிலோமீட்டர். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அந்த ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர். வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்று தெரிந்த அன்று ராத்திரி உட்கார்ந்து பேசுவதே இதைத்தான்: எந்தப் பக்கம் போறது, எந்தக் கார்டு எங்கே செல்லும், கூட யார் இருக்கிறது.

ஒரு காலத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த தம்பி ஒருவருக்கு சில வருடம் முன்பு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதில் அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற வகை. மருந்து கேட்டது. எல்லா டெஸ்டும் சுத்தமாக வந்தது. வேலைக்குத் திரும்பினார், பையனை ஸ்கூலில் சேர்த்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் போன்: "அண்ணா, மறுபடி வந்துடுச்சுண்ணா."

பார்க்கப் போனபோது என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "ஒரு செல் கூட இல்லன்னு சொன்னாங்களே, அப்ப அது எங்கண்ணா இருந்துச்சு?" அது முதல் கேள்வி. இரண்டாவது: "கம்பெனில தின்னர்லதானே கை கழுவுவோம், அதனாலயா?"

நான் டாக்டர் இல்லை. படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அந்த இரண்டு கேள்விக்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். முதல் கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும், அதற்குப் பதில் தேடிய வரலாறு நூற்று முப்பது வருடத்துக்கு மேல் நீளுகிறது.

விதையா, மண்ணா?

1889ஆம் ஆண்டு லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு கணக்கு எடுத்தார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டி, நோய் எங்கெல்லாம் பரவியிருந்தது என்று எண்ணினார். கல்லீரலில் 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. மண்ணீரலுக்கும் தாராளமாக ரத்தம் போகிறது. ரத்தத்தோடு போய் விழுகிற இடத்தில் எல்லாம் புற்று முளைக்கும் என்றால் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. பேஜெட் சொன்ன உவமை இன்றைக்கும் நிற்கிறது: செடி விதைக்கும்போது விதை எல்லாத் திசையிலும் விழுகிறது, ஆனால் ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கிறது.

எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொன்னால், "இதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா?" என்பார். ஓசூர் ரோஜாவைக் கொண்டுபோய் மதுரையில் நட்டால் செடி சாகாது. ஆனால் பூ இந்தப் பூவாக இருக்காது. இங்கே ராத்திரிக் குளிரும் உயரமும் செய்கிற வேலை அது. செடியை மட்டும் பார்த்தால் புரியாது.

மருத்துவம் என்னவோ பல காலம் விதையைத்தான் பார்த்தது. குறிப்பாக ரத்தப் புற்றுநோயில் மண் என்ற பேச்சே எடுபடவில்லை. காரணமும் புரிகிறது. ரத்தம் ஓடுகிற திரவம். அதற்கு ஏது மண், ஏது வீடு? 1845இல் ருடால்ஃப் விர்ஷோ இந்த நோயை விவரித்து, பின்னால் 'வெள்ளை ரத்தம்' என்ற பொருளில் லுக்கேமியா என்று பெயர் வைத்தபோது, ரத்தம் உடம்பில் எங்கே உற்பத்தியாகிறது என்பதே யாருக்கும் தெரியாது.

அது தெரிந்தது 1868இல். கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்பவர் எலும்பைப் பிழிந்து, வந்த சாற்றை நுண்ணோக்கியில் பார்த்து, ரத்தம் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது என்றார். இரண்டு வருடத்தில் லுக்கேமியாவும் அங்கேதான் பிறக்கிறது என்றார். இன்னொன்றையும் அவர் கவனித்தார். வயது வந்தவர்களுக்கு எல்லா எலும்பிலும் ரத்தம் ஊறுவதில்லை. முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றில் சிவப்பு மஜ்ஜை. கை கால் நுனியில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு. மஜ்ஜைப் பரிசோதனைக்குப் போனவர்களை ஏன் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் ஊசி போடுகிறார்கள் என்பதற்குப் பதில் இதுதான். ஒரே உடம்பு, ஒரே ரத்த ஓட்டம். ஆனாலும் சில இடத்தில் மட்டும்தான் அந்தச் செல்லுக்கு வேலை நடக்கிறது.

எல்லையில் நிறம் மாறிய கட்டி

அடுத்த பெரிய திருப்பம் 1961இல். கனடாவின் டொரண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லாக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு நல்ல மஜ்ஜைச் செல்களை ஊசி வழியாக ஏற்றினார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் எலியின் மண்ணீரலில் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரே ஒரு தாய்ச் செல்லின் வம்சம். ரத்த ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சாட்சி அது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜான் ட்ரென்டின் குழு இதையே இன்னொரு கோணத்தில் பார்த்தது. மண்ணீரலில் விழுந்த செல் பெரும்பாலும் சிவப்பணு வம்சமாக வளருகிறது. மஜ்ஜையில் விழுந்தால் பெரும்பாலும் வெள்ளையணு வம்சம். இது செல்லின் விருப்பமா, இடத்தின் விருப்பமா? 1968இல் வுல்ஃபும் ட்ரென்டினும் வெளியிட்ட சோதனையை நான் மூன்று தடவை படித்தேன். மஜ்ஜையின் ஒரு துண்டை எடுத்து எலியின் மண்ணீரலுக்குள் பதித்துவிட்டார்கள். ஒரு உறுப்புக்குள் இன்னொரு உறுப்பு. பிறகு ஸ்டெம் செல்களை ஏற்றினார்கள். சில மேடுகள் சரியாக இரண்டுக்கும் நடுவே, எல்லைக்கோட்டின் மேலேயே வளர்ந்தன. அந்த மேட்டை வெட்டிப் பார்த்தால் மண்ணீரல் பக்கம் சிவப்பணு, மஜ்ஜைப் பக்கம் வெள்ளையணு. ஒரே மேடுதான், கோட்டைத் தாண்டியதும் ஆள் மாறிவிட்டது.

எல்லை ஊரில் இருக்கிற எனக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. எங்கள் பக்கம் ஒரே ஆள் வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் பேசுவார். ஆளை மாற்றவில்லை, இடம் மாறியது. (உவமையை இதுக்கு மேல இழுக்க வேண்டாம்!)

இதே காலத்தில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் எலிசபெத் ரஸ்ஸல் வளர்த்த இரண்டு வகைச் சோகை எலிகள் விஷயத்தை முடித்து வைத்தன. இரண்டுக்கும் ரத்தம் குறைவு, பார்த்தால் ஒரே நோய். முதல் வகைக்கு நல்ல மஜ்ஜையைக் கொடுத்தால் குணமாகிவிடும். இரண்டாவது வகைக்கு எவ்வளவு நல்ல மஜ்ஜை கொடுத்தாலும் குணமாகாது. ஆனால் அந்த இரண்டாவது எலியின் மஜ்ஜையை எடுத்து முதல் எலிக்குக் கொடுத்தால், முதல் எலி பிழைத்துக்கொள்ளும்! அதாவது முதல் எலிக்கு விதை கோளாறு, இரண்டாவதற்கு மண் கோளாறு. பிற்பாடு 1990 வாக்கில் காரணம் மூலக்கூறு அளவில் தெரிந்தது. ஸ்டெம் செல்லின் மேல் ஒரு பூட்டு, சுற்றியுள்ள திசு தருகிற ஒரு சாவி. ஒரு எலிக்குப் பூட்டு இல்லை, இன்னொன்றுக்குச் சாவி இல்லை.

1977இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டர், கண்ணாடிக் குடுவையில் முதலில் மஜ்ஜையின் துணைத் திசுவைக் கம்பளம் மாதிரி வளரவிட்டு, அதன் மேல் ரத்த ஸ்டெம் செல்லை இட்டால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது என்று காட்டினார். கம்பளம் இல்லையென்றால் சீக்கிரம் தீர்ந்துபோகும். அடுத்த வருடமே, 1978இல், அதே ஊரில் ரேமண்ட் ஸ்கோஃபீல்டு இந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கருத்தை எழுதினார். ஸ்டெம் செல் என்பது தனியாக ஸ்டெம் செல் இல்லை. அதற்கென்று ஒரு மாடம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் அது ஸ்டெம் செல். சுவரில் விளக்கு வைக்கிற மாடம் மாதிரி. இன்று உலகம் முழுக்கப் பேசுகிற மஜ்ஜை மாடம் என்ற கருத்து அங்கேதான் தொடங்கியது.

மருந்து போகாத இடங்கள்

ஆய்வகத்தில் இப்படி என்றால், வார்டில் வேறொரு வழியாக இதே பாடம் வந்துகொண்டிருந்தது.

1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், லுக்கேமியா வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை வாரக்கணக்கில் உயிர் போகிற நோய் அது. அந்த மருந்து வந்தது லெடர்லே கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டுக் கப்பல் ஏறியவர். அந்த வருடம் ஆகஸ்டிலேயே இறந்தும் போனார்.

ஃபார்பரின் குழந்தைகளுக்கு நோய் தணிந்ததே தவிர, திரும்பி வந்தது. பின்னால் வந்த மருந்துகளில் தணிவு நீண்டது, ஆனாலும் திரும்பி வந்தது. 1960களில் ஒரு விசித்திரத்தை மருத்துவர்கள் கவனித்தார்கள். மஜ்ஜை சுத்தமாக இருக்கும்போதே, மூளையைச் சுற்றிய சவ்வில் நோய் மறுபடி முளைக்கிறது. ரத்தத்தில் போகிற மருந்து அந்தச் சவ்வைத் தாண்டிச் சரியாகப் போவதில்லை. மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல், நோய் தெரிவதற்கு முன்னாலேயே அந்த இடத்துக்குத் தனியாக மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்தார். அப்படிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நிரந்தரமாகப் பிழைத்தார்கள். இன்றும் லுக்கேமியாக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போடுவதைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவார்கள். "ரத்தத்துல நோய், முதுகுல எதுக்கு ஊசி?" என்பார்கள். செல் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, இடம்தான் வித்தியாசம் என்று அன்றைக்குக் கற்ற பாடம்தான் அந்த ஊசி.

மண்ணே விதையைக் கெடுக்குமா?

இதுவரை சொன்னதில் மண் பாதுகாக்கிறது, அவ்வளவுதான். மண்ணே நோயை உண்டாக்க முடியுமா?

1971இல் ஒரு வினோதம் பதிவானது. லுக்கேமியா வந்த ஒரு பெண்ணுக்குச் சகோதரனின் மஜ்ஜையை மாற்றினார்கள். நோய் திரும்பியது. ஆனால் திரும்பி வந்த புற்றுச் செல்களில் இருந்தது ஆண் குரோமோசோம். சகோதரனின் நல்ல செல்தான் அவள் உடம்பில் போய்ப் புற்றாக மாறியிருந்தது. இப்படி நடப்பது மிக அரிது, காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் புது விதை அதே மண்ணில் கெட்டுப்போனது எப்படி என்ற கேள்வி நின்றது.

2010இல் ஹார்வர்டில் டேவிட் ஸ்காடன் ஆய்வகத்திலிருந்து வந்த சோதனை இந்தக் கேள்விக்கு நேராகப் போனது. எலியின் ரத்தச் செல்களைத் தொடவே இல்லை. எலும்பை உண்டாக்கப் போகிற இளம் செல்களில் மட்டும் டைசர் என்ற ஒரு மரபணுவை நீக்கினார்கள். ரத்த உற்பத்தி தாறுமாறானது. சில எலிகளில் லுக்கேமியாவே வந்தது. ரத்தச் செல்லில் ஆரம்பத்தில் எந்தக் குறையும் இல்லை, அக்கம்பக்கம்தான் கெட்டது. எலியில் நடந்ததை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. மனிதரில் பெரும்பாலான லுக்கேமியா ரத்தச் செல்லின் மரபணுப் பிழையில்தான் தொடங்குகிறது. ஆனால் தொடங்கிய பிழை வளருமா, அடங்குமா என்பதில் அண்டை வீட்டுக்கும் ஒரு ஓட்டு உண்டு என்பதை இனி மறுக்க முடியாது.

வளர்ந்த புற்று சும்மாவும் இருப்பதில்லை. மாடத்தைத் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிறது. நல்ல ஸ்டெம் செல்லுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அக்கம்பக்கச் செல்கள் தங்கள் மைட்டோகாண்ட்ரியாவையே, அதாவது சக்தி தரும் உறுப்பையே, புற்றுச் செல்லுக்குக் கடத்திக் கொடுப்பதை 2016, 2017இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனின் மீட்டரிலிருந்தே கரண்ட் இழுக்கிற கதை.

வேலூரில் கேட்ட கேள்வி

இப்போது தம்பியின் நோய்க்கு வருகிறேன்.

ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியாவை 1957இல் நார்வேயின் லைஃப் ஹில்லெஸ்டாட் முதலில் தனி நோயாக விவரித்தார். ரத்தம் உறையாமல் கொட்டி, சில வாரத்தில் உயிர் போகிற நோய். 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது என்று 1977இல் தெரிந்தது. அந்த இணைப்பில் பிறக்கும் ஒரு கலப்புப் புரதம்தான் வில்லன்.

இதற்கு மருந்து கிடைத்தது சீனாவில். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்து ஷாங்காயிலிருந்து வந்தது. இன்னொன்று ஹார்பின் நகரத்தில் நாட்டு வைத்தியத்திலிருந்து 1970களில் கிளம்பிய ஆர்செனிக். நம் சித்த மருத்துவத்தில் பாஷாணம் என்று சொல்கிற வகையறா. ஐரோப்பாவிலும் 1865இலேயே லுக்கேமியாவுக்கு ஆர்செனிக் கரைசல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்பின் மருத்துவர்கள் அதைச் சுத்தப்படுத்தி, நரம்பில் ஏற்றுகிற மருந்தாக்கினார்கள். அது அந்தக் கலப்புப் புரதத்தையே உடைக்கிறது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1998இல் தொடங்கி ஒரு துணிச்சலான வேலை நடந்தது. மேல்நாட்டு முறைப்படி வைட்டமின் மருந்தும் கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்க இங்கே பலருக்குப் பணம் இல்லை. ஆர்செனிக்கை மட்டும் கொடுத்தால் என்ன? விக்ரம் மேத்யூஸ், மாமென் சாண்டி முதலானோர் 2004 வரை 72 புது நோயாளிகளுக்கு அப்படியே கொடுத்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. 2010இல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில், ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்போர் 74 சதவீதம். ஏழை நாட்டு நோயாளிக்காக எடுத்த முடிவு, கீமோ இல்லாமலே இந்த நோயை வெல்லலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியதற்கு ஒரு காரணமானது.

ஆனால் சிலருக்குத் திரும்பி வந்தது. ஏன்? தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் வேலூர் குழுவும் கேட்டது. 2015இல் வெளிவந்த ஆய்வில் 98 புது நோயாளிகளையும், நோய் திரும்பிய 28 பேரையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் தேடிய வரிசையைப் பார்க்கும்போது ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது.

முதல் சந்தேகம்: திரும்பி வந்த செல்கள் ஆர்செனிக்கை உள்ளே விடாமல் தடுக்கின்றனவா? இல்லை. இரண்டு கூட்டத்துச் செல்களும் ஏறக்குறைய ஒரே அளவு ஆர்செனிக்கைத்தான் உள்ளே சேர்க்கின்றன. இரண்டாவது: உள்ளே போன பிறகு தாக்குப்பிடிக்கின்றனவா? தனியாகக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தால் கொல்லத் தேவைப்படும் மருந்தின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது: ஆர்செனிக் ஒட்ட வேண்டிய இடத்தில் மரபணு மாறிவிட்டதா? நோய் திரும்பியவர்களில் 4 பேரிடம் மட்டும் மாற்றம் இருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அந்த நாலு பேரிலும் அது மருந்து எதிர்ப்போடு தொடர்புடையதாகத் தெரியவில்லை.

விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் திருடன் அகப்படவில்லை. பிறகு எந்தெந்த மரபணுக்கள் கூடவோ குறையவோ வேலை செய்கின்றன என்று பட்டியல் எடுத்தபோது, ஒட்டிக்கொள்ளும் திறன் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் முன்னால் வந்து நின்றன. அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிற வேலை. அப்போது டெக்ஸ்டர் செய்த மாதிரி மஜ்ஜையின் துணைத் திசுவைக் கம்பளமாக வளர்த்து, லுக்கேமியாச் செல்லை அதோடு சேர்த்து வைத்து ஆர்செனிக் ஊற்றினார்கள். தனியாக இருந்தபோது செத்த செல்கள், துணையோடு இருந்தபோது தப்பித்தன. நோய் திரும்புவதற்குக் காரணம் பலவாக இருக்கலாம், அதில் இந்த அண்டை வீட்டுப் பாதுகாப்பும் முக்கியமானதாக இருக்கலாம் என்று நிதானமாகவே முடித்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் அதே குழு, இந்தப் பாதுகாப்பை உடைக்க ஒரு வழி சொன்னது. ஆர்செனிக்கோடு போர்டெசோமிப். இது மைலோமா என்ற இன்னொரு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்செனிக் அந்தக் கலப்புப் புரதத்தை அழிப்பது செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரம் வழியாக. போர்டெசோமிப் செய்வது அந்த இயந்திரத்தையே நிறுத்துவது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று கெடுக்க வேண்டும், இல்லையா? கெடுக்கவில்லை. குப்பை வேறு பாதையில், செல் தன்னைத்தானே செரிக்கிற பாதையில், வெளியேறியது. கூடவே, செல்லைப் பிழைக்க வைக்கிற என்எஃப்-கப்பா-பி என்ற சமிக்ஞைப் பாதையும் தணிந்தது. ஆய்வகத்திலும் எலியிலும் பலன் தெரிந்தது, நோயாளிகளிடமும் சோதனை தொடங்கியிருந்தது.

இதை வைத்து, மண்ணை மாற்றினால் எல்லா லுக்கேமியாவும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாடத்திலிருந்து புற்றுச் செல்லைப் பிடுங்கி வெளியே எடுத்தால் கீமோ சுலபமாகக் கொல்லும் என்ற யோசனையில் பல மருந்துகள் வந்தன. அதில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட உப்ரோலெசெலான் என்ற மருந்து, 2024இல் பெரிய சோதனையில் உயிர்காலத்தை எதிர்பார்த்தபடி நீட்டவில்லை. ஒரு பிடியை விடுவித்தால் செல் இன்னொரு பிடியைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல ஸ்டெம் செல்லும் அதே மாடத்தில்தான் இருக்கிறது என்பதால் வீட்டையே இடிக்கவும் முடியாது.

தின்னர் கேள்வி

தம்பியின் இரண்டாவது கேள்வியை நான் தவிர்க்கப் பார்த்தேன். ஆனால் தொழிற்பேட்டையில் இருந்துகொண்டு தவிர்ப்பது சரியில்லை.

பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது 1897இலேயே ஸ்வீடனில் டயர் தொழிற்சாலைப் பெண்களிடம் பதிவானது. துருக்கியில் முசாஃபர் அக்சோய் 1974இல் வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவானது. பென்சீன் கலந்த பசை பயன்படுத்திய 28,500 செருப்புத் தொழிலாளர்களில் 26 பேருக்கு லுக்கேமியாவோ அதன் முன்நிலையோ. பொது மக்களிடம் உள்ளதை விடத் தெளிவாக அதிகம். பென்சீன் கல்லீரலில் உடைந்து, உடைந்த துண்டுகள் மஜ்ஜையில் போய்ச் சேருகின்றன. ரத்தச் செல்லோடு நிற்காமல், அதைத் தாங்கும் துணைத் திசுவையும் அவை பாதிக்கின்றன. விதையும் கெடுகிறது, மண்ணும் கெடுகிறது.

நம் தொழிற்சாலைச் சட்டம், 1948, பென்சீன் நச்சுப் பாதிப்பை அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் சின்ன யூனிட்டுகளில் கிரீஸ் போக பெட்ரோலில் கை கழுவுவதும், டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதாத தின்னரை மூடிய அறையில் பயன்படுத்துவதும் நாம் பார்த்ததுதான். டப்பாவுக்கு டப்பா வேறு வேறு.

அதனால்தான் அவருக்கு வந்ததா? ஒரு தனி ஆளைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வகை லுக்கேமியாவில் பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. அதையேதான் அவரிடமும் சொன்னேன். ஆனால் காரணம் நிரூபணமாகிற வரைக்கும் தின்னரில் கை கழுவலாம் என்று அர்த்தமில்லை. சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும், திறந்த ஜன்னலும் போதும். செலவு ஒன்றுமில்லை.

அவரிடம் சொன்னது

போன மாதம் போனபோது முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். வெள்ளைத் தாளில் எலும்பை வரைந்து காட்டினேன். "டெஸ்ட் பொய் சொல்லலை. லட்சக்கணக்கான செல்லுல ஒண்ணைத் தேடுற டெஸ்ட் அது. அதுக்கும் கீழே கொஞ்சம் செல் எலும்பு ஓரத்துல பக்கத்துச் செல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். மருந்து ஓடிச்சு, அதுங்க கைய விடலை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் மாத்திரை ஒழுங்கா சாப்பிடாததால இல்லியேண்ணா?"

அப்போதுதான் புரிந்தது, இவ்வளவு நாள் அவர் மனசில் இருந்தது அந்தக் கேள்விதான் என்று. நடுவில் ஒரு சுற்று மருந்துக்கு லீவு கிடைக்காமல் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தாராம். வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது என்றேன். ஆனால் மருந்தை ஒரு வேளை தவறாமல் எடுத்தவர்களுக்கும் இது திரும்பி வந்திருக்கிறது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிகிச்சை இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணி பஸ். கூடப் போக இந்த முறை நான் பேர் கொடுத்திருக்கிறேன்.